மழை நாளில் என்ன பார்க்கலாம்? (அல்லது) பாஸ் பட்டன் மகாத்மியம்

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஊரிலிருந்து. "அங்கே ஒரே மழையாமே?" என்று. மீதிப் பாதி புனே, ஹைதராபாத், டெல்லி என்று சிதறிக் கிடக்கும் நம்ம கூட்டத்திடமிருந்து. "வெளியே கால் வைக்க முடியலை, பசங்க வேற வீட்டுல. பார்க்கிற மாதிரி ஏதாவது சீரியல் இருந்தா சொல்லுப்பா." பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் ஆணி பிடுங்குகிறவனிடம் எஃப்டி வட்டி கேட்கலாம், வீட்டுக்கடன் கேட்கலாம். சீரியல் கேட்கிறார்கள். கேட்டபின் சொல்லாமல் இருக்க முடியுமா? :-)

பட்டியல் கீழே வருகிறது. அதற்கு முன்னால் அடியேனின் கருத்து ஒன்று. மழை நாளுக்குப் புதுசு வேண்டாம். ஒருமுறை பார்த்ததையே திரும்பப் பாருங்கள். எல்லாரும் ஒரே டிவியில் பாருங்கள். ஒரே மூச்சில் எட்டு எபிசோடு ஓட்டாமல், இரண்டு பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. நடுராத்திரி ஒரு மணிக்குப் பிடித்த மழை, காலை ஏழு மணிக்குள் மும்பையில் சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. சென்ட்ரல் லைன் தண்டவாளத்தில் தண்ணீர். பள்ளிகளுக்கு லீவு. 2005 ஜூலை 26 அன்று, சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு ராத்திரி பிராஞ்ச் மேஜை மேல் படுத்துக் கிடந்தவன் நான். அதனால் இந்த ஊர் மழையிடம் வீரம் காட்டுவதில்லை. மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முலுண்டில் எங்களுடையது இரண்டு ரூம் வீடு. ஆட்கள் ஐந்து பேர். நான், தங்கமணி, ஜூனியர் காலேஜில் காமர்ஸ் படிக்கும் பெரியவன், பதினோரு வயசுச் சின்னவள், அப்புறம் அம்மா. 2023இல் அப்பா போனபிறகு, "தனியா எதுக்கு இருக்கணும்" என்று நெல்லையிலிருந்து வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது.

அன்றைக்கு வீடு எப்படி இருந்தது தெரியுமா? பெரியவன் போனில் ஏதோ ஆங்கில சீரியல், காதில் இயர்போன். சின்னவள் டேப்பில் இந்தி கார்ட்டூன். தங்கமணி சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக் கொரியன் தொடர். நான் ஏதோ வெப் சீரிஸில் நாலாவது எபிசோடு. அம்மா ஜன்னல் ஓரம் நாற்காலியில். நடுவில் ஒருமுறை பிள்ளைகள் இரண்டும் சார்ஜருக்கு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டன. நான் ஆங்கிலத்தில் அதட்டினேன். அப்போது அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எல்லாரும் என்னமோ பேசுதீங்க. எனக்கு மழைச் சத்தம் ஒண்ணுதான் புரியுது."

குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

சரி, டிவியில் தமிழ் சேனல் போடலாமே என்றால், கேபிளும் இல்லை, டிஷ்ஷும் போன வருஷமே எடுத்தாச்சு. யூடியூபைத் திறந்து என்ன தேடுவது என்று யோசித்தபோது வாயில் வந்தது "மர்மதேசம்". விடாது கருப்பு.

எங்கள் செட்டுக்கு விளக்கம் தேவையில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்காக: இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தர் குழுவின் தயாரிப்பு. தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டிவியில் வந்தது. தப்பு பண்ணினவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஒரு கிராமம் நம்புகிறது. தண்டிப்பது சாமியா, மனுஷனா? அதுதான் கதை. நான் அப்போது காலேஜ். அது வருகிற நாளில் எங்கள் தெருவில் ஒரு பயல் வெளியே இருக்கமாட்டான். அப்பா அன்றைக்கு மட்டும் சாப்பாட்டைத் தட்டோடு டிவி முன்னால் கொண்டுவந்து உட்காருவார். மற்ற நாளில் அப்படிச் சாப்பிட்டால் எனக்குத் திட்டு விழும்.

போட்டேன். அம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் சின்னவள் டேப்பை வைத்துவிட்டு ஆச்சி மடியருகே வந்து உட்கார்ந்தாள். (பேய்ப் படம் என்று நினைத்துவிட்டாள்!) பெரியவன் மட்டும், "என்னப்பா இது, பிக்சர் இவ்வளவு மங்கலா இருக்கு" என்று ஒரு சலிப்போடு ஓரமாக நின்றான்.

அரை மணி நேரத்தில் முதல் கேள்வி. "ஆச்சி, கருப்புன்னா யாரு?"

ரிமோட் என் கையில். பாஸ் அழுத்தினேன்.

அம்மா ஆரம்பித்தாள். "ஏட்டி, நம்ம சாஸ்தா கோயில்லயும் கருப்பன் நிக்காரே, நீ பாத்ததில்லையா?" அப்புறம் எங்கள் சாஸ்தா கோயில் கதை, பங்குனி உத்திரத்துக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனது, தோப்பில் பொங்கல் வைத்தது, தாத்தா சின்னப் பையனாக அங்கே தொலைந்துபோய்க் கிடைத்தது, எல்லாம் வந்தது. தாத்தா தொலைந்த கதை எனக்கே புதுசு. டிவி பாஸிலேயே நின்றது, முக்கால் மணி நேரம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளுக்கு எங்கள் குலதெய்வம் யாரென்றே தெரியாது. காரணம் அவள் இல்லை. பங்குனி உத்திரம் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் ஆரம்பத்திலோ வரும். வங்கிக்காரனுக்கு மார்ச்சில் லீவு கேட்பதும் தூக்குக் கயிற்றைக் கேட்பதும் ஒன்று. வருஷக் கணக்கு முடிப்பு! பதினைந்து வருஷமாக ஒவ்வொரு உத்திரத்துக்கும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று போனில் சொல்லியே ஓட்டியிருக்கிறேன்.

இப்போது மேட்டருக்கு வருகிறேன். அன்றைக்கு விடாது கருப்பை ஏன் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைக்க முடிந்தது? முடிவு எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவசரமே இல்லை. இதே ஒரு புது த்ரில்லராக இருந்திருந்தால் நானே அவளை "ஷ்ஷ்... அப்புறம் கேளு" என்றிருப்பேன். கற்பனையாகச் சொல்லவில்லை, அப்படிச் செய்திருக்கிறேன். 2022இல் "சுழல்" வந்தபோது நானும் தங்கமணியும் பெரியவனும் இரண்டே நாளில் முடித்தோம். புஷ்கர்-காயத்ரி எழுதியது, அருமையான தொடர், சந்தேகமே இல்லை. கதை முழுக்க மயானக் கொள்ளைத் திருவிழா பின்னால் ஓடும். "அது என்ன திருவிழாப்பா?" என்று பெரியவன் கேட்டான். "முதல்ல யார் பண்ணினான்னு தெரியட்டும், அப்புறம் சொல்றேன்" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. அம்மாதான் பிறகு ஒருநாள் அவனிடம், "அது வடக்கத்திப் பக்கம்யா, நம்ம பக்கம் கொடை" என்று சொன்னாளாம்.

ஒரே மூச்சில் பார்க்க எடுக்கும் தொடர்களே அப்படித்தான். ஒவ்வொரு எபிசோடும் ஒரு கொக்கியோடு முடியும். அடுத்த எபிசோடு பத்து நொடியில் தானாகவே ஓட ஆரம்பிக்கும். ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்துவதற்குத்தான் முயற்சி வேண்டும். பேசுவதற்கு இடமே கிடையாது. தனியாகப் பார்ப்பவனுக்கு அது சுகம். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற ஒரு குடும்பத்துக்கு, வருஷத்தில் நாலைந்து நாள் எல்லாரும் வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிற அதிசயம் மழையால்தான் நடக்கிறது. அந்த நாளையும் ஆளுக்கொரு திரையில் கரைப்பது, எங்க பாஷையில் சொன்னால், நல்ல வட்டியில் போட்ட எஃப்டியைப் பாதியில் உடைத்துச் சினிமாவுக்குப் போவது மாதிரி.

அதனால் மழை நாள் தொடருக்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: பாஸ் பண்ணினால் யாரும் கத்தக் கூடாது. அதன்படி என் சிபாரிசுகள்:

1. மர்மதேசம் - விடாது கருப்பு. மேலே சொல்லிவிட்டேன். யூடியூபில் இருக்கிறது. ரொம்பச் சின்னப் பிள்ளைகள் பயப்படலாம், பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் கம்மிதான். அந்த வேகத்தில்தான் நாம் பேச இடம் கிடைக்கிறது.

2. மால்குடி டேஸ். 1986இல் தூர்தர்ஷனில் வந்தது. ஆர்.கே. நாராயண் கதைகள், சங்கர் நாக் இயக்கம், எல். வைத்தியநாதன் இசை. அந்த இசை காதில் விழுந்தாலே எனக்கு ஏழு வயசு. மழைக்கும் இதற்கும் நேரடிச் சொந்தம் உண்டு. படம் பிடித்தது கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில். தென்னாட்டுச் சிரபுஞ்சி என்று பெயரெடுத்த ஊர். இன்னொரு வேடிக்கை: கதை எழுதியவர் சென்னையில் பிறந்தவர், கதைமாந்தர்கள் நம்ம பக்கத்து மனிதர்கள், எடுத்தது கன்னட ஊரில், வீட்டுக்குள் எல்லாரும் பேசுவதோ இந்தி! சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீடு மாதிரியே இருக்குப்பா" என்றாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அம்மாவுக்கு இந்தி புரியாது. சின்னவள் ஆச்சிக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் அன்றைக்கு அவள் பேசிய தமிழ், அதற்கு முந்தைய ஒரு மாசத்தில் பேசியதைவிட அதிகம். கதையும் ஒவ்வொன்றும் பெரும்பாலும் அன்றன்றைக்கே முடிந்துவிடும். கொக்கி கிடையாது.

3. சாராபாய் வெர்சஸ் சாராபாய். 2004 முதல் 2006 வரை ஸ்டார் ஒன்னில் வந்த பழைய தொடரைச் சொல்கிறேன். 2017இல் வந்த இரண்டாம் பாகத்தை விட்டுவிடலாம். கஃப் பரேடில் வாழும் பணக்கார மாமியாருக்கு, மிச்சம் பிடிக்கும் மருமகள். மருமகள் செய்வதெல்லாம் மாமியாருக்கு 'மிடில் கிளாஸ்'. ரத்னா பாடக் ஷாவும் ரூபாலி கங்குலியும் அடிக்கிற லூட்டி, எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு. மாமனாராக வந்த சதீஷ் ஷா 2025இல் காலமானார். இப்போது பார்த்தால் நடுவில் ஒரு கனம் வருகிறது. எங்கள் வீட்டில் பால் கவரைக் கழுவிக் காயப்போட்டது நான் என்று தெரிந்தவுடன் மூன்று பேர் ஒரே குரலில் 'மிடில் கிளாஸ்' என்றார்கள். ஆமாம், அதற்கென்ன?

4. தலைவெட்டியான் பாளையம். 2024 செப்டம்பரில் பிரைமில் வந்தது. 'பஞ்சாயத்' இந்தித் தொடரின் தமிழ் வடிவம். பட்டணத்துப் பையன் ஊராட்சிச் செயலராக ஒரு குக்கிராமத்துக்குப் போகிறான். கிராமப்புற போஸ்டிங் பார்த்த எந்த வங்கிக்காரனும் இதைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. முதல் நாள் பூட்டிய ஆபீஸ், இல்லாத கரண்ட், 'எப்போ டிரான்ஸ்ஃபர்' என்று எண்ணிக்கொண்டே கிடந்து, கிளம்பும்போது கண் கலங்குவது, எல்லாம் நான் விதர்பா பக்கம் ஒரு பிராஞ்சில் பட்டது. புதுசு வேண்டாம் என்றவன் இதை ஏன் சேர்த்தேன்? இயக்கியவர் அதே நாகா. நடித்திருப்பவர்களில் சேத்தன், தேவதர்ஷினி இருவரும் விடாது கருப்பில் இருந்தவர்கள். அந்தத் தொடரில் சந்தித்துத்தான் நிஜத்திலும் தம்பதி ஆனார்கள். அம்மா ஒரே பார்வையில், "ஏய்யா, இந்தப் பிள்ளை அந்தப் பிள்ளைதானே?" என்றாள். கதை நெல்லைப் பக்கம் என்பதால் பேச்சில் எது நம்ம ஊர், எது இல்லை என்று மார்க் வேறு போட்டாள். மார்க்கைச் சொல்லமாட்டேன். :-)

5. ஸ்கேம் 1992. 2020இல் சோனி லிவ்வில் வந்தது, ஹன்சல் மேத்தா இயக்கம், பத்து எபிசோடு. இது அம்மாவும் சின்னவளும் தூங்கியபிறகு, பெரியவனோடு மட்டும். வசைச் சொற்கள் தாராளம். ஆனால் காமர்ஸ் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. "பேங்க் ரசீதுன்னா என்னப்பா?" என்றான். பாஸ். வங்கிகள் அரசுப் பத்திரங்களைத் தங்களுக்குள் விற்று, குறித்த நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளும். பத்திரத்தைக் கொடுக்காமல் 'கொடுக்க வேண்டியிருக்கிறது' என்று ஒரு ரசீது கொடுப்பார்கள். நடுவில் புரோக்கர். வங்கி பெயருக்கு வந்த காசோலை புரோக்கர் கணக்கில் போய் விழுந்தது. கையில் பத்திரமே இல்லாமல் பேங்க் ஆஃப் கராட் மாதிரிச் சின்ன வங்கிகள் ரசீது எழுதிக் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போனது. ஒரு பேப்பரை யாரும் சரிபார்க்காததுதான் மொத்தக் கதையும். 1992 ஏப்ரலில் சுசேதா தலால் பத்திரிகையில் எழுதியபிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. "அதனாலதான் நீ வீட்டுல கேஸ் பில்லைக்கூட ரெண்டு தடவை பார்க்கிறியாப்பா?" என்று கேட்டான். என் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. சொல்லாமல் விட்டால் தங்கமணி எனக்குச் சோறு போடமாட்டாள். அவள் கேட்டது இது: "நீங்க எல்லாரும் பாஸ் பண்ணிப் பாசமாப் பேசுவீங்க. அந்த முக்கால் மணி நேரமும் காந்தா பஜி பொரிச்சுக்கிட்டு நின்னது யாரு? எனக்குன்னு இருக்கிறது அந்தக் கொரியன் தொடர் ஒண்ணு. அதையும் பிடுங்கணுமா?"

நியாயம். பதிலே இல்லை. குடும்பம் சேர்ந்து உட்கார்வதற்கு ஒருத்தி மட்டும் எழுந்து நிற்க வேண்டும் என்றால் அந்த ஏற்பாடு ஏற்பாடே இல்லை. அதனால் இப்போது வீட்டுச் சட்டம்: தொடரைத் தேர்ந்தெடுப்பவரே பஜி போட வேண்டும். இரண்டு எபிசோடு முடிந்தால் டிவி அணைந்துவிடும். அதற்குப் பிறகு அவரவர் போன், அவரவர் இயர்போன், யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நான் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். பஜி எப்படி என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் பார்த்து அம்மா இங்கேயே தங்கிவிட்டாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். தங்கவில்லை. 2024 தீபாவளிக்கு ஊருக்குப் போனவள், "இனி அங்கேயே இருக்கேன்யா, மழைக்கு மட்டும் வாரேன்" என்று சொல்லிவிட்டாள். மொழி புரியாத கட்டடத்தில் ஒரு கிழவியை உட்கார வைத்துவிட்டு, சீரியல் போட்டுக் காட்டிச் சரிக்கட்ட முடியாது. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. ஆனால் ஒன்று மாறியது. முன்பெல்லாம் போனைக் கொடுத்தால் சின்னவள், "நல்லா இருக்கீங்களா ஆச்சி, சாப்டீங்களா ஆச்சி" என்று இரண்டு வரியோடு என்னிடம் நீட்டிவிடுவாள். இப்போது பேச விஷயம் இருக்கிறது. அந்த நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் இறந்த செய்தி வந்தபோது, ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்னதே அவள்தான். "நம்ம கருப்பு கதை எழுதினாங்களே, அவங்க."

2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. வருஷக் கணக்கு முடிந்து பத்து நாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டேன். கோயில் தோப்பில் சின்னவள் கருப்பன் சிலை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் ஆச்சி காதில் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் மழை நாளில் பாஸ் பண்ண முடிகிற தொடர் எது? சொல்லுங்கள். அடுத்த மழைக்கு எனக்கு வேண்டும்.

டிஸ்கி: கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அது இன்னும் நல்லது. பாஸ் அழுத்தவே வேண்டாம்.